ஆற்றங்கரையில் பன்னிரண்டு சட்டங்கள்

ஓய்வுபெற்ற மறுநாளே லியோன் மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டு முன்னறை இனிமேல் கரம் அறை.

முப்பத்தைந்து வருடம் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவர். வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரிந்து படமாகவே கீறிவிட்டார். நடுவில் கரம் போர்டு, சுற்றிவர நாலு கதிரை, மேலே தொங்குகிற ஒரு பல்பு, கதிரைகளில் தானும் ரொனியும் இன்னும் இரண்டு கூட்டாளிகளும். நிறமும் தீட்டி, சாப்பாட்டு மேசையில் வைத்தார். மனைவி டொரதி அதன்மேல் பருப்புச் சட்டியை இறக்கி வைத்தாள்.

டொரதியிடமும் ஒரு முடிவு இருந்தது. முன்னறையில் கேக் ஐசிங் வகுப்பு.

"ஆறு பேர் பேர் குடுத்திருக்காங்க" என்றாள்.

"கரத்துக்கு நாலு பேர் இருக்கோம்."

"ஆறு பெருசா, நாலு பெருசா? சித்திரம் மட்டுந்தான் படிச்சீங்களா?"

மூன்று வாரம் முன்னறையில் ஒருவரும் உட்காரவில்லை. கதிரைகள் மட்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன.

நாலாவது வாரம் லியோனுக்கு யோசனை பிறந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால், மலைக்குள், ஓர் ஆற்றோரத்தில் சின்ன முகாம் ஒன்று உண்டு. கூடாரம் அடித்துத் தங்கலாம். போன வருடம் ரொனி அங்கே போய், ஒரேயொரு பாட்டை விசிலடித்ததற்காக மூட்டை முடிச்சோடு திருப்பி அனுப்பப்பட்டான். பறவை பார்க்க வருகிறவர்களுக்கான இடமாம். சத்தமே கூடாதாம். இதைக் கேட்டபோது லியோன் சிரித்தார். இப்போது நினைத்தபோது அவருக்கு மயிர் கூச்செறிந்தது.

ஏனென்றால் டொரதி குசினியில் நின்று மீன்காரனைக் கூப்பிட்டால் கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் மடவளை பஸ் நின்றுவிடும்.

"டொரதி" என்றார், முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமி. "இந்த வீட்டுல எப்பவும் ஒன் சட்டம். இங்க இருந்துக்கிட்டு முன்னறைக்கு நியாயம் கெடைக்காது. அந்த முகாமுக்குப் போவோம். அங்க போர்டுல என்னென்ன சட்டம் இருக்கோ, அத மொதல்ல மீறுறவங்களுக்கு முன்னறை இல்ல."

டொரதி கொஞ்சம் யோசித்தாள். "போர்டுல உள்ள எல்லாச் சட்டமுமா?"

"எல்லாந்தான்."

"ரெண்டு பேருமே மீறலைன்னா?"

லியோன் இதை எதிர்பார்க்கவில்லை. டொரதியே பதிலும் சொன்னாள். "சரி, மறுநாள் பன்னெண்டு மணி வரைக்கும் ரெண்டு பேரும் மீறலைன்னா ஒங்களுக்கே வச்சுக்கங்க."

இப்படி விட்டுக்கொடுத்த டொரதியை அவர் கலியாணத்துக்கு முன் ஒருதரம் பார்த்திருந்தார். அப்போதும் யோசித்திருக்க வேண்டும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த றம்லத் எட்டிப் பார்த்தாள். "நானும் கேட்டுக்கிட்டுத்தான் ஈக்கிறேன் சேர். பொறகு இல்லண்டு செல்ல ஏலாது." டொரதி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா ரெண்டு நாள் பேசாம ஈப்பாங்களா?"

"ரெண்டு மணித்தியாலம் தாங்குனா பெரிசு" என்றார் லியோன். அன்று பின்னேரமே ரொனியைக் கரம் போர்டுக்குப் பவுடர் வாங்கச் சொன்னார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஹுன்னஸ்கிரிய, அங்கிருந்து ஓட்டோ, கடைசித் துண்டு நடை. ஆறு சின்னதுதான். பாறைகளுக்கு நடுவில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தூரத்து வளைவில் வெள்ளைக்காரர் ஒருவர் கமராவோடு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். முகாமைப் பார்த்துக்கொள்கிற இராமகிருஷ்ணன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். கூடாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"சட்டமெல்லாம் அந்தா அந்த போர்டுல இருக்கு சேர். தமிழ், இங்கிலீசு போர்டு ரெண்டையும் பெயின்ட் அடிக்கக் கழட்டியிருக்கோம். சிங்களம் மட்டுந்தான். வாசிப்பீங்கதானே?"

"அதெல்லாம் பிரச்சினையில்ல" என்றார் லியோன். இராமகிருஷ்ணன் மேட்டிலிருந்த தன் குடிலுக்கு ஏறிப்போனார்.

பிரச்சினை இருந்தது. லியோன் சிங்களம் நன்றாகப் பேசுவார். கோவில் திருவிழா பதாகைக்குச் சிங்கள எழுத்துகளை முத்து முத்தாக எழுதியும் கொடுப்பார், யாராவது கடதாசியில் எழுதித் தந்தால். தான் எழுதியது என்னவென்று மட்டும் அவருக்குத் தெரியாது.

டொரதி கொன்வென்டில் சிங்களப் பிள்ளைகளுக்கு நடுவில் பத்து வருடம் உட்கார்ந்தவள். பரிசும் வாங்கியவள். போர்டின் முன் போய் நின்று, கண்ணாடியை மாட்டி, மெல்லிய குரலில் வாசித்தாள்.

"ஒண்ணு, சத்தம் போடக் கூடாது."

லியோன் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு, குப்பை போடக் கூடாது. மூணு, ஆத்துல சோப்பு போடக் கூடாது. நாலு, கூடாரம் ஆம்பளைதான் அடிக்கணும். அஞ்சு, தண்ணி ஆத்துலேருந்து தூக்கணும். தூக்குறது அம்பது வயசு தாண்டின ஆம்பளையா இருக்கணும்."

"அம்பது தாண்டினவனா? ஏன்?"

"இளசுங்க ஓடி வழுக்கி விழுந்துருவாங்களாம். ஆறு, சமையலும் அவருதான். ஏழு, கூட வந்த பொம்பளைக்கு மொதல்ல பரிமாறணும்."

லியோன் போர்டைப் பார்த்தார். சித்திர வாத்தியார் கண் சும்மா இருக்குமா? "அஞ்சாவதுல ஒரே ஒரு சொல்லுத்தானே இருக்கு?"

"சிங்களம் சுருக்கமான பாஷைங்க."

அவர் தலையாட்டினார். எழுத்தைக் கீற மட்டும் தெரிந்தவனால் அந்த அளவுக்கு மேல் வாதாட முடியாது. பன்னிரண்டாவது சட்டம் வரை டொரதி வாசித்து முடித்தாள். பன்னிரண்டாவது, பெண்ணின் கதிரையை நிழல் போகிற பக்கமெல்லாம் நகர்த்திப் போடுவது பற்றியது.

லியோன் கூடாரம் அடித்தார். அது விழுந்தது. மறுபடி அடித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார், ஏறினார், இறங்கினார். பருப்பு அவித்தார், டின் மீனுக்கு வெங்காயம் வெட்டி அழுதார், தேங்காய் துருவினார். டொரதி மடக்குக் கதிரையில் சாய்ந்து, காலை ஆற்றில் விட்டு, பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டினாள். நிழல் நகர்ந்தபோது விரலை ஆட்டினாள். அவர் ஓடி வந்து கதிரையை நகர்த்தினார்.

ஒன்பதாவது வாளியில் அவர் பெருவிரல் இடுக்கில் அட்டை ஏறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தவர் தோளில் கிடந்த துவாயைக் கடித்துக்கொண்டார். கண்ணீர் வந்தது. ஆனால் முன்னறை தப்பியது.

வேலை செய்தால் போதாது, டொரதியின் வாயையும் திறக்க வைக்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் எப்போதோ கடந்துபோயிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"டொரதி, நத்தார் பண்டிகைக்கு நீ போட்ட கேக் கொஞ்சம் காஞ்சு போயிருந்திச்சு."

வீட்டில் என்றால் இதற்கு றம்லத் வீட்டு நாய் குரைத்திருக்கும். டொரதி ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"ரொனியும் சொன்னான்."

இன்னொரு பக்கம்.

லியோன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "ஒன் தங்கச்சி ஜூலி போடுறாளே, அதுதான் கேக்."

டொரதியின் மூக்கு விரிந்தது. கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. செபம் சொன்னாளோ வேறெதாவது சொன்னாளோ, கேட்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து கிசுகிசுத்தாள்.

"எட்டாவது சட்டம்ங்க. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துல தேத்தண்ணி. சீனி ஒண்ணரைக் கரண்டி."

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் லியோன் இப்படியோர் அமைதியைக் கண்டதில்லை. முதலில் இன்பமாக இருந்தது. பொழுது சாய்கிறபோது சந்தேகமாக இருந்தது. மறுநாள் காலை, ஒரு வார்த்தை பேசாமல் பாணை வெட்டி நீட்டச் சொல்லி அவள் கையை நீட்டியபோது, பயமாகவே இருந்தது. இருந்தாலும் மணிக்கூடு அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து. பதினொன்று. பதினொன்றரை. இடுப்பு வளைந்து, கைகள் கொப்பளித்து, அவர் கூடாரத்தை மடித்துக் கட்டினார். பல்பு எங்கே தொங்க வேண்டும் என்று மனதுக்குள் அளந்தார். ஒரு சட்டமும் மீறவில்லை. பன்னிரண்டையும் காப்பாற்றியிருந்தார். ஓய்வுபெற்ற அன்றைக்குக்கூட அவருக்குத் தன்னைப்பற்றி இவ்வளவு பெருமை வந்ததில்லை.

பதினொன்றே முக்காலுக்கு டொரதி மேட்டைப் பார்த்துக் கையசைத்து இராமகிருஷ்ணனைக் கூப்பிட்டாள். அவர் இறங்கி வந்தார்.

"தம்பி, போறதுக்கு முந்தி நீங்களே சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள். "சேர் ஒழுங்கா நடந்துக்கிட்டாரா?"

"அய்யோ, இப்படி ஒரு ஆளப் பாத்ததேயில்லீங்க" என்றார் இராமகிருஷ்ணன், அவரும் கிசுகிசுத்து. "நேத்துலேருந்து கேக்கணும்னுதான் இருந்தேன். எதுக்கு சேர் ஆத்துலேருந்து தண்ணி தூக்குனீங்க? கூடாரத்துக்குப் பின்னால பைப்பு இருக்குதே."

லியோன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "சட்டம்னா சட்டந்தானே. அஞ்சாவது."

"அஞ்சாவதா?" இராமகிருஷ்ணன் திரும்பி போர்டைப் பார்த்தார். "அஞ்சாவது மைனா சேர்."

"என்னது?"

"மைனா. சட்டம் மொத மூணுதான். சத்தம், குப்பை, சோப்பு. நாலுலேருந்து இங்க வர்ற குருவிங்க பேரு. மொதலாளி ஒரே வரிசையா நம்பர் போட்டுட்டாரு."

லியோன் விரல் மடக்கி எண்ணினார். "அப்ப… சமையல்? ஆறாவது?"

"அது காட்டுக்கோழி."

"ஏழாவது? மொதல்ல பரிமாறுறது?"

"மரங்கொத்தி சேர்."

"கதிரைய நகட்டுறது?"

இராமகிருஷ்ணன் போர்டுக்குக் கிட்டப் போய்ப் பார்த்து வந்தார். "மீன்கொத்திங்க."

லியோன் மெல்லத் திரும்பி டொரதியைப் பார்த்தார். அவள் சஞ்சிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வாளி தண்ணீரும், இரண்டு தரம் அடித்த கூடாரமும், வெங்காயக் கண்ணீரும், கடித்த துவாயும் ஒன்றாகத் திரண்டு அவருடைய அடிவயிற்றிலிருந்து கிளம்பின.

"பொய்!" என்று கத்தினார். "பொய்! அத்தனையும் பொய்! பச்சைப் பொய்!"

எதிர்மலை அதை வாங்கி மூன்று தரம் திருப்பிச் சொன்னது. மரங்களிலிருந்து மைனா, மரங்கொத்தி, மீன்கொத்தி என்று நாலாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாச் சட்டங்களும் ஒன்றாகப் பறந்தன. வளைவில் இருந்த வெள்ளைக்காரர் இரண்டு நாளில் முதல் தடவையாக அசைந்தார். கமராவை மடியில் இறக்கி, தலையில் கை வைத்தார்.

இராமகிருஷ்ணன் விரலை உதட்டில் வைத்துக் கெஞ்சினார். "சேர், சேர், சத்தம்…"

டொரதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது.

"நீ… நீ பொய் சொல்லித்தானே…" லியோனுக்கு மூச்சு வாங்கியது.

"பொய் சொல்லக் கூடாதுன்னு போர்டுல இல்லீங்க" என்றாள் டொரதி, அதே மெல்லிய குரலில். "வேணும்னா தம்பிகிட்டயே கேளுங்க."

லியோன் தம்பியைப் பார்த்தார். தம்பி போர்டைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, வருத்தத்தோடு இல்லையென்று தலையை ஆட்டினார். லியோனின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வாய் மறுபடி அகலமாகத் திறந்தது.

டொரதி கிட்ட வந்து, அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு, காதோரம் சொன்னாள்.

"ஒரு தடவ கத்துனதுக்கு முன்னறை போச்சு. இன்னொரு தடவைக்கு எந்த அறையத் தரப்போறீங்க?"