வலது மூக்கு சம்பந்தமாக மச்சானுக்கு

சிட்லபாக்கம்,
புதன்கிழமை, காலை பத்து மணி.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அஸ்கர் அவர்களுக்கு ஜலால் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கை பரிதாவும் இறைவன் அருளால் நலம், என் வலது மூக்கு நீங்கலாக. திண்டிவனத்தில் நீங்களும் வீட்டாரும் எதுவும் நீங்கலாக இல்லாமல் நலமாயிருக்கவும், உங்கள் மருந்துக்கடை செழிக்கவும் துஆ செய்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுகிறீர்கள், பரிதாவும் அதை எழுதிக்கொண்டுவிடுகிறாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கடிதத்தில் எனக்கு வாக்கியம் முடியும் என்பதற்காகச் சொன்னேன். விஷயம் இதுதான்: திங்கட்கிழமை நடப்பதாக இருக்கும் என் ஆபரேஷனுக்காக நீங்கள் சனிக்கிழமையே பெருங்களத்தூரில் பஸ் இறங்கி எங்களோடு பத்து நாள் தங்குவதாகச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அந்தச் சிரமம் வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படாது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லாமல் வரவேண்டாம் என்று மட்டும் எழுதினால் தவறாகப் படும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். நீளம் அதிகமானால் மன்னிக்கவும்.

ஐந்து மாதமாக எனக்குச் சளி என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். நீங்களும் மாதம் தவறாமல் கூரியரில் சளி மாத்திரை அனுப்பினீர்கள். அந்த மாத்திரைகளில் எந்தக் குறையும் இல்லை. குறை சளியிடம்தான், அது சளியாக இல்லை. மாத்திரைகள் தங்கள் வேலையைச் செய்தன. கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறிச் சானடோரியத்தில் இறங்க வேண்டிய நான், அசந்து தூங்கிக் காட்டாங்குளத்தூரில்தான் விழித்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி தோளைத் தட்டி, "சார், காலேஜ் வந்துருச்சு. நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டாள். மறுத்துப் பேசத் தயங்கி, "கெமிஸ்ட்ரி" என்று சொல்லி இறங்கிவிட்டேன். பள்ளியில் முப்பத்தாறு வருடம் அதைத்தானே நடத்தினேன், முழுப் பொய் ஆகாது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

சந்தேகம் வந்தது தொழுகையில். ஒவ்வொரு சஜ்தாவிலும், நெற்றி தரையைத் தொட்டவுடன், தொழுகை விரிப்பில் ஒரு சொட்டு விழும். வலது மூக்கிலிருந்து மட்டும். பச்சைத் தண்ணீர் போல, பிசுபிசுப்பு இல்லாமல். நிமிர்ந்தால் நின்றுவிடும். சளிக்கு வலது இடது தெரியாதே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நோட்டில் தேதி, வேளை, எத்தனை சொட்டு என்று குறித்துக்கொண்டு, தாம்பரத்தில் ஜெரூஷா என்ற இளம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் நோட்டைப் படித்துவிட்டு, "அங்கிள், தலையில எப்பவாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் தங்கை, "இவருக்கா? இவரு கதவுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு உள்ள வர்ற ஆளு டாக்டர். எங்கேர்ந்து அடிபடும்?" என்றாள்.

அந்த நீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துத் தரச் சொன்னார்கள். நான் குனிந்தபடியும் பரிதா பாட்டிலைப் பிடித்தபடியும் நாற்பது நிமிடம் இருந்தோம். கல்யாணமான பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. முடிவு வந்தது. அது மூளையைச் சுற்றி இருக்கும் நீராம். மூளைக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள மெல்லிய எலும்பில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்து அதன் வழியாக இறங்குகிறதாம். ஸ்கேனிலும் தெரிந்தது. டாக்டர் சொல்லி முடித்ததும் பரிதா என் பக்கம் திரும்பி, "அப்போ இத்தனை மாசமா மூளையக் கர்ச்சீப்புல தொடச்சுத் தொடச்சு எங்கிட்ட துவைக்கப் போட்டிருக்கீங்க!" என்றாள். கையிலிருந்த கர்ச்சீப்பை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்பீர்கள் என்று ஆன்டிபயாடிக் பற்றி நானே கேட்டேன். காய்ச்சல் இல்லாமல் தேவையில்லை என்று சொல்லி ஒரு தடுப்பூசி மட்டும் போட்டார்கள். மலம் இளக ஒரு சிரப், இருமல் அடங்க ஒரு சிரப், பிறகு அசிட்டசோலமைடு என்ற மாத்திரை. "இந்த மாத்திரை ஓட்டைய அடைக்காது அங்கிள். உள்ள தண்ணி ஊறுறதக் குறைக்கும். ப்ரஷர் கம்மியானா ஓட்டை தானா மூட ஒரு சான்ஸ் இருக்கு. மூணு வாரம் பாப்போம். நிக்கலன்னா மூக்கு வழியாவே போய் அடைச்சிடலாம், அதுக்கும் இப்பவே ஒரு தேதி போட்டு வெச்சிடுறேன். சும்மா விட்டா மூளைக்காய்ச்சல்ல கொண்டு விட்டுரும். குனியக் கூடாது, முக்கக் கூடாது, மூக்கு சிந்தக் கூடாது. தும்மல் வந்தா அடக்காம வாயத் திறந்து தும்மணும்" என்றார். முதல் மூன்றும் எனக்குச் சிரமமில்லை. நான்காவதுதான் கடினமாக இருந்தது. நான் சத்தமாகத் தும்மியவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை வாயைத் திறந்து தும்மினேன். பரிதா பால் பாத்திரத்தைக் கீழே போட்டாள். மாடியில் குடியிருக்கும் ஜெயஸ்ரீ அம்மா இறங்கி வந்து, "சார், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார். அறுபத்தொன்பது வயதில் அது என் முதல் தும்மல் என்று அவரிடம் விளக்கவில்லை.

மூளை நீரில் சர்க்கரை உண்டு என்று எங்கோ படித்து, பரிதாவின் சர்க்கரை பார்க்கும் கருவியில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன். இந்த முறை நம்பத்தக்கது அல்ல என்று டாக்டர் பிறகு சொன்னார், அதனால் நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டாம். கருவி ஐம்பத்தெட்டு என்று காட்டியது. பரிதா அதை என் ரத்தம் என்று நினைத்து, "அய்யோ, லோ ஆயிருச்சு!" என்று மூன்று கரண்டி சீனியை என் வாயில் போட்டுவிட்டாள். வாய் நிறைய இருந்ததால் அது மூக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்தது சோடா விஷயம். வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு பள்ளிவாசல் பக்கத்து உதயா கடையில் பன்னீர் சோடா குடிப்பது என் வழக்கம். மாத்திரை ஆரம்பித்த வாரம் குடித்தால் சப்பென்று இருந்தது. என் வாழ்நாளில் எந்தக் கடையிலும் நான் புகார் சொன்னதில்லை. அன்று என்னவோ துணிந்து, "சோடாவுல கேஸ் இல்லப்பா" என்றேன். "இன்னா பாய், உன் கண்ணு முன்னாடிதானே ஒடச்சேன்? புஸ்ஸுனு வந்துச்சே, கேக்கல?" என்றான் கடைக்காரன். "சத்தம் வந்துச்சு. கேஸ் வரல" என்றேன். இன்னொன்று உடைத்தான். அதுவும் அப்படியே. மூன்றாவதை அவனே குடித்துவிட்டு, என் முகத்துக்கு நேராக நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, "அப்போ இது இன்னாது?" என்று கேட்டான். "இருவது வருசமா வந்துகினு கீற, ஒரு வார்த்த பேசுனதில்ல. பேசுனா இப்டியா பாய் பேசுவ? செம பேஜாரு" என்றும் சொன்னான். வீட்டுக்கு வந்து டாக்டருக்குப் போன் செய்தால், "அந்த மாத்திரைக்கு சோடா எல்லாம் அப்டித்தான் சப்புனு இருக்கும் அங்கிள். விரல் நுனி ஜிவ்வுனு இருக்குமே, அதுவும் அதாலதான்" என்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒரு டஜன் சோடா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பரிதா அவற்றில் கேஸ் அதிகம் என்கிறாள்.

குனியக் கூடாது என்பதால் பள்ளிவாசலில் நாற்காலி வரிசையில்தான் தொழுகிறேன். அங்கே இருப்பவர்களுக்கு எல்லாம் மூட்டு அல்லது இடுப்பு. பக்கத்து நாற்காலிக்காரர், "உங்களுக்கு எது பாய், மூட்டா?" என்று கேட்டார். "இல்ல, மூக்கு" என்றேன். அவர் தம் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். மச்சான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அதுதான் வருத்தம். சோடா சப்பென்று இருந்தால் இருக்கட்டும். நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். மூக்கு வழியாகக் கருவி போவதை நினைத்து இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், அதை உங்கள் தங்கையிடம் நான் சொல்லவில்லை. மாத்திரையிலேயே சரியாகிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன்.

கேட்டது கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். பதினொரு நாளாக நோட்டில் வெறும் பூஜ்ஜியம். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு தலையணை வைத்துப் படுத்து, சொன்னதைச் சொன்னபடி செய்தேன். எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்: ஒழுகல் நின்றுவிட்டது. நாளை டாக்டரிடம் நோட்டைக் காட்டியதும் அவரே ஆபரேஷன் வேண்டாம் என்பார். ஆகவே நீங்கள் கடையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

வீட்டில் மச்சிக்கு எங்கள் சலாம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் துஆ. உங்கள் இல்லத்தில் நோயும் கவலையும் வாசல்படி ஏறாதிருக்கட்டும்; உங்கள் கடைக்கு மட்டும் அளவோடு வந்துபோகட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஜலால்

பி.கு.: மேலே "நின்றுவிட்டது" என்ற சொல்லில் மை கலைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது கண்ணீர் அல்ல. கண்ணீராக இருந்தால் இரண்டு பக்கமும் வந்திருக்கும். பதினொரு நாள் நிமிர்ந்து இருந்தபோது வராதது, உங்களுக்கு எழுத ஒரு மணி நேரம் குனிந்ததில் வந்துவிட்டது. இதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம் என்று பார்த்தேன், அதற்கு இன்னொரு மணி நேரம் குனிய வேண்டும். ஆகவே இதையே அனுப்புகிறேன். சனிக்கிழமை அவசியம் வாருங்கள் மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. மாத்திரை மட்டும் கொண்டுவர வேண்டாம்.