ஹாக்கி மைதானத்துக்கு வந்த தண்ணி லாரி

தோற்கிற அணிக்கு ரசிகனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. இடம் பிடிக்க முன்னதாகப் போகவேண்டியதில்லை. அந்த வசதியோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆலோசனை சொல்லப் போனேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். போன கோடையில் எங்கள் ஹாக்கி அணி ஆறு ஆட்டம் ஆடி ஆறிலும் தோற்றிருந்தது. போட்ட கோல் ஒன்றே ஒன்று. அதுவும் எதிரே ஆடிய பாலவனத்தத்துக்காரர் மட்டையில் பட்டு வழிதவறி உள்ளே போனது. கடைசி ஆட்டம் காரியாபட்டியுடன், எங்கள் ஊர் மைதானத்திலேயே. அதிலும் தோற்றால் அடுத்த வருடம் எங்களைச் சேர்க்கமாட்டோம் என்று போட்டி நடத்துபவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. (நீ மட்டை பிடித்ததுண்டா என்று கேட்காதீர்கள். கொசு அடிக்கிற மட்டை மட்டும்தான்.) அப்போதுதான் ஒரு பத்திரிகையில் படித்தேன். பெரிய ஆட்டங்களில் தொடங்குவதற்கு முன் மைதானத்தை நனைப்பார்களாம். பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓடுமாம். ஆறு தோல்விக்கும் காரணம் பிடிபட்டுவிட்டது. கேப்டன் செல்வத்திடம் ஓடினேன். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் நிதானமான பிள்ளை.

"அண்ணே, அவுக ஆடுறது செயற்கைப் புல்லு. இது கரிசக்காடு. தண்ணி ஊத்துனா பந்து ஓடாது, நாத்துத்தான் நடலாம்."

கரிசலில் தண்ணீர் பட்டால் என்னவாகும் என்பது எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். நான் படித்தவன். லேசாகத் தெளித்தால் போதும் என்று அவன் வாயை அடைத்தேன். தண்ணி லாரி ஓட்டும் மாரியை ஏற்பாடு செய்தேன். மாரி என் மனைவியின் தம்பி. அக்கா காதுக்குப் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவன் சத்தியத்தைக் காப்பாற்றினான். லாரியின் ஹாரனிடம் சத்தியம் வாங்க எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, தெருவெல்லாம் கேட்க ஹாரன் அடித்துக்கொண்டே லாரி மைதானத்தில் நுழைந்தது. ஊர்க் குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது என்ற சிறிய விவரம் என் திட்டத்தில் இல்லை. மாரி இறங்கி ஹோஸ் பைப்பை மாட்டுவதற்குள் கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரை பிளாஸ்டிக் குடங்கள் வரிசை பிடித்துவிட்டன. ஆறு ஆட்டத்திலும் எங்கள் வீரர்கள் அப்படி ஒழுங்காக நின்றதில்லை.

வரிசையில் மூன்றாவது ஆள் என் மனைவி. பந்து, துள்ளல், ஈரப்பதம் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"ஊரே நாக்கு வறண்டு கெடக்கு. இவுக பந்துக்குத் தண்ணி காட்ட வந்திருக்காக" என்றாள். என்னிடமல்ல, பின்னால் நின்றவர்களிடம்.

மாரி என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். முதல் குடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்கள் வீரர்களின் அம்மாக்கள், அக்காக்கள், மனைவிமார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"ஏலே செல்வம், மட்டையப் பிடிச்சுக்கிட்டு சும்மாதானே நிக்கிறே? இதக் கொண்டுபோயி அண்டாவுல ஊத்திட்டு வா" என்றார் அவன் அம்மா.

கேப்டன் போனான். பின்னாலேயே அணியும் போனது. (தலைமைப் பண்பு வேறென்ன?) கோல் கீப்பர் காலில் கட்டிய பட்டையோடு, இரண்டு கையிலும் குடத்தோடு, தன் வீட்டைப் பார்த்து நடந்தான். பந்தைக்கூட அவன் அவ்வளவு கவனமாகப் பிடித்ததில்லை.

நடுவர் விசில் ஊதியபோது காரியாபட்டிக்குப் பதினோரு பேர் நின்றார்கள். எங்களுக்கு ஒருவன். (அவன் வீட்டில் போர்வெல் உண்டு.) நடுவர் கால்மணி நேரம் பொறுத்தார். பிறகு ஆட்டத்தைக் காரியாபட்டிக்குக் கொடுத்துவிட்டு, காரணத்தை நோட்டில் எழுதினார்: 'உள்ளூர் அணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தது.'

ஆறு தோல்விகள் தாமாக வந்தவை. ஏழாவதை நான் லாரி வைத்து வரவழைத்தேன். செல்வம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குடத்தைத் தூக்கினான்.

இந்த வருடம் போட்டியில் நாங்கள் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் நின்றால் போதும், நான்காம் நாளே ஹாக்கிக்கு எத்தனை பேர் என்றுகூடத் தெரியாத பெண்கள் எங்கள் வாசலில் வந்து கேட்கிறார்கள்.

"ஏண்ணே, இந்த வருசம் மேட்சு எப்ப?"

நான் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்துவிடும். "அவுக டீம வெளிய தள்ளிட்டாகக்கா."

அப்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கவேண்டும். ஏழு தோல்விக்கும் சேர்த்து நான்கூட அவ்வளவு வருந்தியதில்லை.