கொள்ளுத்தாத்தா விதித்த தடை

மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகைக்கு மறுபடியும் கூட்டம் வந்துவிட்டது. படம் பார்க்க அல்ல, செத்துப்போன முன்னோரிடம் யோசனை கேட்க. அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். மேடையில், முன்னோரின் தூதர் என்று சொல்லிக்கொண்டவர் கண்ணை மூடுவார். ‘க்ளொர்ர், களகள’ என்று ஆதிமொழி பொங்கும். பிறகு கண்ணைத் திறந்து அவரே பொருளும் சொல்வார். கடையும் அவரே, தராசும் அவரே.

இந்த ஆதிமொழிக்கு ஒரு மொழியியல் பேராசிரியர் ரகசியமாக அகராதி எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் முட்டிக்கொண்டதும், பக்கத்து அறை மானுடவியல் பேராசிரியையிடம் வந்தார். புதிர் என்றால் அந்த அம்மாளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“மேடம், ‘க்ளொர்ர்’னா ஒருத்தருக்குப் பேரன்னு வருது, இன்னொருத்தருக்கு மூட்டுவலின்னு வருது. ஏதோ ஆழமான இலக்கணம் இருக்கு.”

“இருக்கட்டும் சார். முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?”

அவர் குரல் இறங்கியது. “எங்க கொள்ளுத்தாத்தா பேசினார். பொண்ணு கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிட்டார்.”

“பொண்ணு என்ன சொல்லுது?”

“அழுவுது. அழுகைக்கு இலக்கணம் கிடையாதே.”

ஊரைக் கூட்டிச் சொன்ன கல்யாணம். பெண்ணைப் பெற்ற தகப்பனே அதைக் குலைப்பதைவிடக் குடும்பத்துக்குத் தலைக்குனிவு வேறு உண்டா? அகராதிக்காக அவர் சேர்த்து வைத்திருந்த ஒலிப்பதிவுகளைப் பேராசிரியை கேட்டார். சங்கேதப் புதிரில் ஓர் எழுத்துக்கு ஒரே மதிப்புதான். இங்கேயோ எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து மதிப்பு மாறியது. மறுநாள் காலை தம் வீட்டுக் குளியலறைக் கதவருகே போனை நீட்டினார். மாலையில் கணவரையும் பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

“ஐயா, சார் கொண்டுவர்ற பதிவுக்கெல்லாம் அர்த்தம் சொல்லுவீங்களாமே. இது யார் குரல்னும் சொல்லிடுங்க.”

போனில் ‘க்ளொர்ர், களகள’ பொங்கியது. தூதர் பேராசிரியரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார்.

“ஐயோ, சாரோட கொள்ளுத்தாத்தா! கண்ணீரோட சொல்றார். அந்தச் சம்பந்தம் வேண்டாமாம்!”

கூட்டம் உச்சுக்கொட்டியது. பேராசிரியை கணவரின் தோளைத் தட்டினார். “எழுந்திருங்க.”

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் ஊற்றி, அண்ணாந்து கொப்பளித்தார். க்ளொர்ர். களகள. அதே குரல், அதே ஏற்ற இறக்கம்.

“தினமும் பல் தேய்ச்சா இப்படித்தான் கொப்பளிப்பேன். இதுல இவ்வளவு சோகம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

“அடப்பாவி!” என்று பின்வரிசைத் தையல்காரர் எழுந்தார். “எங்கப்பா சொன்னார்னு நம்பி, தம்பிகிட்ட பேச்சையே விட்டுட்டேனேய்யா!”

தூதர் பின்வாசல் வழியாக மறைந்தார். எந்த முன்னோரும் தடுக்கவில்லை.

பேராசிரியர் மகளுக்குப் போன் போட்டார். “கண்ணு, கல்யாணம் நடக்கும்மா.” பிறகு தயங்கினார். “மேடம், அகராதியை என்ன செய்யறது?”

“பல் டாக்டர்கிட்ட கொடுங்க சார்.”

வாசலில் ஒரு பெரியவர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, எங்கம்மா ஏதாவது சொல்றாங்களான்னு ஒரு வாய் கொப்பளிச்சுக் காட்டுங்களேன்.” அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசையும் சேர்ந்துவிட்டது.

வரிசையில் நிற்பவர்களே, செத்தவர்கள் தங்கள் பங்குக்கு யோசித்து முடித்துவிட்டார்கள். பாக்கி நீங்கள்தான்.