முனியாண்டி நிறுத்தம்

மோட்டார் சைக்கிள் அன்றைக்கும் முனியாண்டி கோயிலுக்கு நேர் எதிரே நின்றுவிட்டது.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நாலு நாளாக இதே கதை. வீட்டில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். செம்பனைக்காட்டு ஓரமாக நல்ல பிள்ளையாக ஓடிவரும். சாமியின் அரிவாள் கண்ணில் பட்டதும் இரண்டு தடவை இருமும். அப்புறம் உயிரை விட்டுவிடும். சாயங்காலம் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு எடுத்தால் ஒரு குறையும் சொல்லாமல் போய்வரும். காலையில் வேலைக்குப் போகும்போதுதான் அதற்கு இந்தப் பக்தி.

மணி ஆறு இருபது. சத்தியசீலன் சுங்கை லாலாங்கிலிருந்து இந்தப் பதினெட்டு வருஷத்துக் கப்சாய் மோட்டாரில் சுங்கைப் பட்டாணி போய், ஆறே முக்காலுக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கூலிமில் எட்டு மணி ஷிஃப்ட்டுக்குக் கார்டு தட்டலாம். பஸ்காரன் பெற்ற தாய்க்கும் ஒரு நிமிஷம் நிறுத்த மாட்டான்.

"சாமி, காலங்காத்தால ஏன் சாமி இப்படிச் சோதிக்கிற?" என்று கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சத்தியசீலன் மோட்டாரைத் தள்ள ஆரம்பித்தான்.

அடுத்த வளைவிலேயே மெக்கானிக் குணாளனின் பெங்கேல், மோட்டார் பட்டறை. குணாளனுக்கு வீடும் பெங்கேலும் ஒன்றுதான். கைலியோடு, வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தான்.

"மறுபடியுமாண்ணே?"

குனிந்தான். வழக்கம்போல முன்பக்கத் தகட்டுக்கு உள்ளே கையை விட்டு எதையோ திருகினான். பிளக்கைக் கழற்றி ஊதி மாட்டினான். நாலு உதை உதைத்தான். மோட்டார் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது.

"என்னதான் தம்பி கோளாறு?"

"கோளாறு இல்லண்ணே, வயசு." குணாளன் நுரையைத் துப்பினான். "எங்கிட்ட ஒரு வாரம் விடுங்க. ரெண்டு மடங்கு பெட்ரோல் பிடிக்கிற பெரிய கார்பரேட்டர், புது எக்ஸோஸ், ஹேண்டில தாழ்த்தி, மேட் பிளாக் அடிச்சுத் தர்றேன். புதுசு கெட்டது போங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு சத்தியசீலன் பறந்தான். பறந்து என்ன செய்வது, முந்தின மூன்று நாளும் நூலிழையில் பிடித்த பஸ் இன்று போயிருந்தது.

கூலிம் கிலாங்குக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, லேட்டாகப் போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசர் நளினி அவனை ஓரமாகக் கூப்பிட்டாள். "அண்ணே, லைன் லீடர் லிஸ்ட்டு இந்த மாசக் கடைசித் திங்கக்கெழம மேல போகுது. உங்க பேருதான் மொதல்ல இருக்கு. ஆனா இன்னியோட ஒரு லேட்டு. மூணு ஆச்சுன்னா எச்.ஆர். உங்க பேர அடிச்சிருவாங்க. அப்புறம் ரவிச்சந்திரன்தான்."

ரவிச்சந்திரனின் வீடு பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்வீடு. லேட் ஆவதற்கு அவனுக்கு வசதியே இல்லை.

சத்தியசீலனுக்கு லைன் லீடர் பதவியில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஆனால் லைன் லீடருக்கு ஒரு நாற்காலி உண்டு. பன்னிரண்டு வருஷமாக ஒரே மெஷின் முன்னால் நின்று நின்று அவன் முட்டி இரண்டும் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடும். அந்த நாற்காலி கறுப்பு நிறம், சக்கரம் வைத்தது. யாரும் இல்லாதபோது அவன் ஒருதரம் அதில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்ததும் உண்டு.

அன்று சாயங்காலம் வீட்டில் மாநாடு.

"வேற வாங்குங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன்?" மனைவி பிரேமாவதி தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். "முன்னல்லாம் ராத்திரி ஆனா முன்வாசல் பூரா பெட்ரோல் வாடை அடிக்கும். இந்த ஒரு வாரமா அதுவும் இல்ல. வாடை அடிக்கக்கூட அதுக்குத் தெம்பு இல்ல, தெரிஞ்சுக்குங்க."

"மொதச் சம்பளத்துல வாங்குனது பிரேமா. உன்னப் பொண்ணு பாக்க வந்ததே இதுலதான்."

"அன்னிக்கும் வழியில நின்னு ரெண்டு மணி நேரம் லேட்டாத்தான் வந்தீங்க. எங்க அப்பா அப்பவே யோசிச்சாரு."

பக்கத்து வீட்டு ஹெர்பர்ட் அங்கிள் இந்த மாநாட்டில் பாதி நேரம் கலந்துகொண்டார். இரண்டு வீட்டுக்கும் முன்வாசல் ஒன்று; நடுவில் சுவர் கிடையாது. பொம்பாவில் முப்பது வருஷம் தீயணைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கொசுவர்த்தி, எண்ணெய்ச் சட்டி, சாமி விளக்கு, எதைக் கண்டாலும் அவரிடம் ஒரு தீ விபத்துக் கதை தயாராக இருக்கும். நல்ல மனுஷர். கேட்காமலேயே உதவி செய்வார்.

"மோட்டாரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நான் ஓட்டுனதெல்லாம் பொம்பா லாரி" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. நீ செஞ்சு முடிக்கிற வரைக்கும் காலையில நான் கார்ல கொண்டாந்து விடறேன்."

இப்படித்தான் சத்தியசீலன் பழையதையே மாற்றிக் கட்டுவது என்று முடிவு செய்தான். பிரேமாவதி தேத்தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்த சத்தத்தில் அவள் கருத்து தெளிவாகவே தெரிந்தது.

அடுத்த வாரம் முழுக்க ஹெர்பர்ட் அங்கிளின் கார். அவர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மாட்டார். பச்சை விளக்கைக் கண்டாலும், எப்படியும் சிவப்பு வரத்தானே போகிறது என்று வேகத்தைக் குறைப்பார். ஐந்தே முக்காலுக்கே கிளம்பியும் தினமும் பஸ் கதவு மூடும்போதுதான் சத்தியசீலன் ஒரு காலை உள்ளே வைத்தான். வழி நெடுக அலோர் ஸ்டார் சந்தை எரிந்த கதை, பலகை மில் எரிந்த கதை. வெள்ளிக்கிழமைக்குள் அவனுக்கே உடம்பெல்லாம் புகை நாற்றம் அடிப்பது மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் வந்தது. ஐயோ, என்ன அழகு! கரிய நிறம், தாழ்ந்த ஹேண்டில், தொடை தடிமனுக்கு எக்ஸோஸ் குழாய். ஸ்டார்ட் செய்தபோது மூன்று வீடு தள்ளி இருந்த கோழிகள் கூண்டுக்குள் ஓடின.

"இப்ப எந்தச் சாமியும் நிப்பாட்ட முடியாதுண்ணே" என்றான் குணாளன்.

அவன் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை. செம்பனைக்காடு போனது. அரிவாள் தெரிந்தது. சத்தியசீலன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மோட்டார் இருமவில்லை, திணறவில்லை, கோயிலைத் தாண்டி இடிமுழக்கமாகப் போய்விட்டது! "ஆஹா!" என்று அவன் தனியாக ரோட்டில் கத்தினான். குணாளன் பெங்கேலைத் தாண்டும்போது ஒரு ஹார்ன் வேறு அடித்தான். நாற்காலியின் சக்கரங்கள் அவன் கண்முன் சுற்றின.

பெரிய ரோட்டு முச்சந்தியில் போலீஸ் ரோட்பிளாக். போலீஸ்காரருக்குச் சரியாக நாலடி முன்னால் மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

போலீஸ்காரர் எக்ஸோஸைப் பார்த்தார். சத்தியசீலனைப் பார்த்தார். "எக்ஸோஸ் பெசார், என்ஜின் தக் ஹிடூப்?" என்றார். எக்ஸோஸ் இவ்வளவு பெரிசு, என்ஜினுக்கு உயிர் இல்லையா என்று அவர் நிஜமான அனுதாபத்தோடுதான் கேட்டார். பிறகு அதே அனுதாபத்தோடு எக்ஸோஸுக்கு ஒரு சம்மன், பதிவுப் பத்திரமான கெரானில் சிவப்பு என்று எழுதியிருக்க மோட்டார் கறுப்பாக இருந்ததற்கு ஒரு சம்மன் என்று இரண்டு எழுதினார். சத்தியசீலன் மோட்டாரைத் திருப்பி, ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிய அதே பெங்கேலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இரண்டாவது லேட்.

"இன்னும் ஒண்ணுதாண்ணே" என்றாள் நளினி. ரவிச்சந்திரன் அந்தப் பக்கம் நாற்காலிக்குத் துணியால் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் சத்தியசீலன் நேராகக் கோயிலுக்குப் போனான். பூசாரி அய்யாவு எஸ்டேட்டில் காவல் வேலை பார்ப்பவர். காவல் இல்லாத நேரத்தில் பூசாரி. விஷயத்தைக் கேட்டதும் சுருட்டை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லைச் சாமிகிட்ட நிக்காம ஹார்ன் அடிச்சிக்கிட்டா போன? போலீச அனுப்பாம வேற என்னப்பா செய்வாரு?"

"நின்னாலும் கஷ்டம், நிக்காட்டியும் கஷ்டம்னா நான் என்னதான் செய்யறது?"

"அந்த மோட்டார் மேல அவருக்கு என்னமோ மனத்தாங்கல். வேற வாங்கு. வாங்குன மறுநாளே இங்க கொண்டாந்து பூச போட்டு எலுமிச்சம்பழத்த நசுக்கு. அப்புறம் பாரு."

பிரேமாவதியும் முனியாண்டியும் ஒரே கட்சி என்று தெரிந்த பிறகு சத்தியசீலனுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை. அந்த வாரமும் அங்கிளின் கார், அங்கிளின் நாற்பது கிலோமீட்டர், அங்கிளின் தீ. சனிக்கிழமை சுங்கைப் பட்டாணிக்குப் போய் வேறு மோட்டார் வாங்கிவிட்டான். அதுவும் கப்சாய்தான், அதே மாடல்தான். ஆனால் எட்டு வருஷம் இளையது, நீல நிறம், ஒரே ஆள் கை ஓட்டியது. எல்லாக் கடையிலும் பளபளவென்று புதுசு புதுசாக நின்றும் அவன் கை அதன் மேல்தான் போனது.

"வேற வாங்கச் சொன்னா அதையேவா வாங்கிட்டு வருவாங்க?" என்றாள் பிரேமாவதி. இருந்தாலும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டாள்.

சாயங்காலம் இரண்டு மோட்டாரும் முன்வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிரேமாவதி உள்ளே போன பிறகு சத்தியசீலன் பழையதின் சீட்டைத் தடவிக் கொடுத்தான். "கோவிச்சுக்காத. உன்ன விக்க மாட்டேன்" என்றான். கண் கலங்கியது. ஹெர்பர்ட் அங்கிள் அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பார்க்காத மாதிரி இருந்தார்.

ஞாயிறு காலை பூசை. மறுநாள் திங்கள், லிஸ்ட் மேலே போகும் நாள். சத்தியசீலனும் பிரேமாவதியும் குளித்து முழுகி நீல மோட்டாரில் கிளம்பினார்கள். தேங்காய், வாழைப்பழம், எலுமிச்சம்பழம், சுருட்டு எல்லாம் ஹெர்பர்ட் அங்கிளின் காரில் பின்னால் வந்தன. அங்கிள் பூசைக்கு நிற்க மாட்டார், அவருக்கு மாதா கோயிலில் பூசை இருக்கிறது. ஆனால் சாமான் ஏற்றிக்கொண்டு வர அவரை விட்டால் யார்?

கோயில் முன்னால் அய்யாவு காத்திருந்தார். வேடிக்கை பார்க்கக் குணாளன் வந்திருந்தான். லாலாங் ஜனம் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள்.

செம்பனைக்காடு போனது. அரிவாள் தெரிந்தது.

நீல மோட்டார் இரண்டு தடவை இருமியது.

"இல்ல" என்றான் சத்தியசீலன். "இல்ல, இல்ல, இல்ல!"

பழையது வழக்கமாக நிற்கும் அதே இடத்தில், ஒரு சாண் முன்பின் இல்லாமல், புதியதும் நின்றது.

கூட்டத்தில் ஒரு பெண் "முனியாண்டி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குணாளன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். பிரேமாவதி சீட்டிலிருந்து இறங்காமலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "மோட்டார் மேல இல்லங்க, நம்ம குடும்பத்து மேலதான் சாமிக்குக் கோவம்!"

சத்தியசீலன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். முட்டி வலித்தது. போயிற்று. நாளைக்கு மூன்றாவது லேட். நாற்காலி ரவிச்சந்திரனுக்கு.

"பூசாரி ஐயா, நான் என்ன குத்தம் செஞ்சேன்? பழசு வேணாம்னீங்க, வேற வாங்கிட்டேன். இதுக்கு மேல நடந்தா போறது கூலிமுக்கு?"

அய்யாவுக்கு அருள் வந்தது. உடம்பு முறுக்கியது. விபூதியை அள்ளி நீல மோட்டார் மேல் வீசினார்.

"வண்டி மேல குத்தம் இல்லடா! உம் மேலயும் குத்தம் இல்லடா! தெனம் விடியக்காலம், நீ எந்திரிக்கறதுக்கு முன்னால, ஒரு கை வந்து வண்டி மேல படுது! அந்தக் கைதான் கட்டுப் போடுது! யாரு கை அது? சொல்லு! யாரு கை?"

இந்தக் கேள்வியை அய்யாவு இருபது வருஷமாகக் கேட்டுவருகிறார். பசு கறக்காவிட்டாலும் இதைத்தான் கேட்பார், மகளுக்கு வரன் அமையாவிட்டாலும் இதைத்தான் கேட்பார். இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

கூட்டத்துக்குப் பின்னால், வாழைப்பழச் சீப்போடு ஒரு கை உயர்ந்தது.

"எங்கைதான் சாமி" என்றார் ஹெர்பர்ட் அங்கிள். "வாடை அடிக்குது, தீப்பிடிக்கும்னு தெரிஞ்சும் இவன் முன்பக்கத் தகட்டுக்குள்ள இருக்கற பெட்ரோல் பைப்ப மூடாமலே போய்ப் படுத்துடுறான், மூணு வாரமா வாக்கிங் போறப்ப நான்தான் மறக்காம மூடிட்டுப் போறேன், இன்னிக்குப் பழசு புதுசு ரெண்டையும் மூடினேன், ஒரு தேங்க்ஸ் சொல்லியிருப்பானா கேளுங்க!"