பைல் அண்ணையும் பதினாறு படிக்கு மேலே ஒரு நாயும்

பைல் அண்ணையைப் போல ஒழுங்கான மனிதர் கண்டியில் முன்னும் இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. ஒழுங்கு முற்றினால் அதுவும் ஒரு வருத்தம்தான், அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது என்பதை அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த பிரமச்சாரிகள் மூன்று பேர், ஹாஜியாரின் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். பைல் அண்ணை, இராசதுரை, நான். கீழே கடை. கடைக்குப் பின்னால் முற்றமும் கிணறும். பதினாறு படி ஏறினால் மூன்று அறை, ஒரு குசினி, தெருவைப் பார்த்த ஒடுக்கமான விறாந்தை. பைல் அண்ணை அங்கே பதினைந்து வருஷமாக இருந்தார். மற்ற அறைகளில் ஆட்கள் வருவார்கள், இடமாற்றம் வந்து போய்விடுவார்கள்.

அந்த வீட்டுக்கு அவர்தான் தலைவர். யாரும் வோட்டுப் போடவில்லை. வீட்டில் எது நடந்தாலும் அவர் ஒரு பைல் திறப்பார். அதில் ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். ஒருமுறை புளி முடிந்தது. புளி பைல் என் மேசைக்கு வந்து, இராசதுரையின் கட்டிலுக்குப் போய், 'எந்த ஊர்ப் புளி என்று தெளிவுபடுத்துக' என்ற குறிப்போடு திரும்ப என்னிடமே வந்தது. ஒன்பது நாள் புளியில்லாத குழம்பு சாப்பிட்டோம். மூட்டைப்பூச்சி பற்றிய பைலிலோ, சாட்சியாக ஒரு மூட்டைப்பூச்சியையே குண்டூசியால் குத்தி இணைத்திருந்தார். அதன் கீழே 'இணைப்பு ஒன்று' என்று எழுதியும் இருந்தார்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஒரு நாய் விஷயத்தைக் கொண்டுபோனேன். என் மூளையை என்ன சொல்வது!

நானும் பைல் அண்ணையும் வேலை பார்த்த கந்தோரின் பின்பக்கத்தில், பிடித்த தெருநாய்களை அடைத்துவைக்கும் பட்டி இருந்தது. அந்த மாதம் ஊரில் விசர்நாய்ப் பயம். கழுத்தில் பட்டியில்லாத நாயையெல்லாம் சுருக்குப் போட்டுக் கொண்டுவந்து அடைத்தார்கள். என் கதிரைக்குப் பின்னால் இருந்த யன்னலால் பார்த்தால் அவை தெரியும். அவற்றில் ஒன்று செம்மண் நிறம், முன்கால் நொண்டி. மற்றவை குரைத்துக்கொண்டிருக்க, அது மட்டும் என் யன்னலுக்கு நேரே வந்து குந்தியிருந்து என்னையே பார்க்கும். நான் கண்டிக்கு வந்து ஒரு வருஷம். என்னைக் கண்டு சந்தோஷப்பட்ட முதல் சீவன் அதுதான்.

காவல்காரர் பெருமாள் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். புதன்கிழமை மத்தியானம் அவரிடம் விசாரித்தேன்.

"சனிக்கெழம பன்னண்டு மணி வரைக்கும்தாங்க ஐயா. யாரும் வரலேன்னா எல்லாத்தையும் முடிச்சிருவாங்க. ஒங்களுக்கு வேணும்னா இந்தப் பாரத்துல வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வாடகை வீடுன்னா அது இல்லாம குடுக்க மாட்டாங்க."

அன்று பின்னேரமே பைல் திறக்கப்பட்டது. 'பொருள்: மேல்மாடியில் நாய் வைத்திருத்தல்.' இராசதுரைக்கு நாய் என்று எழுதவே பயம். 'கடித்தால் யார் பொறுப்பு?' என்று எழுதிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். நான் ஒன்றரைப் பக்கத்துக்கு உருக்கமாக எழுதினேன். பைல் அண்ணை அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நாய் குரைக்குமோ?"

"நாய்தானே அண்ணை."

"எத்தினை மணிக்குக் குரைக்கும்?"

"அதை நான் கேக்கேல்லை."

"கேட்டிருக்க வேணும். நாள் முழுக்க நாங்கள் கந்தோரிலை. அது இந்த மூண்டு அறைக்குள்ளை தனிச்சு என்ன செய்யும்? நொண்டிக் காலோடை பதினாறு படி ஏறுமோ? இதொண்டும் உம்மடை குறிப்பிலை இல்லை. நேரிலை பார்க்காமல் நான் ஒரு சொல்லும் எழுத மாட்டன்."

வியாழக்கிழமை மத்தியான இடைவேளையில் நேரில் பார்க்கப் போனோம். பைல் அண்ணை வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக, கையில் கந்தோர் அடிமட்டத்தோடு பட்டிக்குள் நுழைந்தார். நாயை நிற்கவைத்து நீளம் அளந்தார். வாலையும் சேர்ப்பதா விடுவதா என்று கொஞ்சநேரம் யோசித்தார். நாய் அடிமட்டத்தை நக்கியது. அவர் அதைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு குந்தியிருந்து நொண்டிக் காலைப் பிடித்து, மெல்ல மடக்கி, மெல்ல நீட்டிப் பார்த்தார். பெருமாள் என் காதருகில் வந்து, "இவரு நாய் டாக்டருங்களா?" என்று கேட்டார்.

அளந்து முடிந்ததே, ஹாஜியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பைல் அண்ணைக்கு என் அவசரம் பிடிக்கவில்லை. வீட்டுக்காரருக்கு விண்ணப்பம் எழுதவேண்டும், அதுவும் தபாலில் போகவேண்டும் என்றார்.

"அண்ணை, அவர் கீழதானே இருக்கிறார்! இருமினாலே எங்களுக்குக் கேக்குது!"

"வாயாலை கேட்டால் வாயாலைதான் மறுமொழி வரும். நாளைக்கு ஆருக்குச் சாட்சி காட்டுவீர்?"

அழகான ஆங்கிலத்தில், தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன் என்ற முடிவோடு விண்ணப்பம் தயாரானது. நீளமான மண்ணிற உறையில் போட்டு ஒட்டி, ஹாஜியாரின் கடை வாசலைத் தாண்டி நடந்துபோய்த் தபாற்பெட்டியில் போட்டார். கடைக்குள் இருந்த ஹாஜியார் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கைகாட்டினார். எனக்குத் தலையைச் சுவரில் மோதவேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை தபால்காரன் வருமுன்னரே ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்காக அலவத்துகொடைக்குப் போய்விட்டார். அங்கேதான் அவர் குடும்பம். வெள்ளி போனால் சனி காலையில்தான் திரும்புவார். அன்று முழுதும் நான் யன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அது பார்க்கும்.

சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள் வேலை. காலையில் நாங்கள் இறங்கும்போது கடை பூட்டியிருந்தது. பதினொரு மணி வரை பொறுத்தேன். பிறகு பல்லுவலி என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். கடை மேசையில் கையூன்றி நின்ற கணக்கப்பிள்ளை சொன்ன செய்தியில் எனக்கு உண்மையாகவே பல்லு வலித்தது.

"ஹாஜியார் புரக்டர் ஐயாட்ட போன. இங்கிலீசுல ஒரு காயிதம் வந்தீக்கி. வாசிச்சுக் கேக்க மேல ஏறிப் பாத்த, நீங்க யாரும் இல்ல. கவர்மேந்துக் காயிதம், கடய ஒடைக்கப் போறாங்க போல எண்டு வேர்த்துப் போய் ஓடின."

தலையில் அடித்துக்கொண்டேன். ஹாஜியாருக்குத் தமிழும் அரபும்தான் வாசிக்கத் தெரியும். ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் அவருக்கு வாசித்துச் சொல்கிறவரே பைல் அண்ணைதான்! பதினைந்து வருஷமாக வாசித்துச் சொன்ன மனிதர், அந்த மனிதருக்கே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். விண்ணப்பம் என்றால் ஆங்கிலம் என்று கை தானாகப் போயிருக்கிறது.

கந்தோருக்குத் திரும்பி ஓடி விஷயத்தைச் சொன்னேன். பைல் அண்ணையின் முகம் வெளுத்தது. மணி அடிக்குமுன் ஒருநாளும் கதிரையை விட்டு எழும்பாதவர், பேனையை மூடாமலே எழும்பினார்.

வழக்குப் பேசும் புரக்டரின் வீட்டு விறாந்தையில் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வெடித்தார்.

"யா அல்லாஹ்! கிளாக்கர் ஐயா, இந்தக் காயிதம் ஒங்கடயா? என்ட ஈரக்கொல நடுங்கிப் போச்சி! புரக்டர் ஐயா வாசிக்கிறாரு, ரெண்டடி ஏழு அங்குலம், வால் நீங்கலாக எண்டு! நான் கடைச் செவர அளந்தீக்கி எண்டு நெனச்ச! பதினாறு படி எறங்கி வந்து, ஹாஜியார், இப்பிடி ஒரு நாய் எண்டு சொன்னா ஒங்கட வாய் நோகுமா?"

"பிழைதான் ஹாஜியார்," என்றார் பைல் அண்ணை. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். "ஆனால் பன்னிரண்டு மணிக்கு அதைக் கொன்றுபோடுவினம்."

ஹாஜியார் விசிறுவதை நிறுத்தினார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தைந்து.

"எங்கட மார்க்கத்துல நாயிட எச்சில் பட்டா கழுவித்தான் தொழணும், அது ஒங்களுக்கும் தெரியும். கெணத்தடியில நாங்க கைகால் கழுவி ஒளு எடுக்கிற. அந்தப் பக்கம் அது வரப்படாது. கடைக்குள்ள வரப்படாது. பின்பக்க மரப்படியால ஏத்துங்க, எறக்குங்க. தாகத்துல கெடந்த நாய்க்குத் தண்ணி குடுத்த மனிசனுக்கு அல்லாஹ் மன்னிச்ச எண்டு ஓதிப் படிச்சீக்கி. வாயில்லாத சீவனக் கொல்லச் சொல்லி நான் சொல்லுவனா? தாங்க பேனைய!"

கையெழுத்து விழுந்தது. நான் பாரத்தை எடுக்கக் கைநீட்டினேன். பைல் அண்ணை அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"நகல் எடுக்க வேணும்."

என் பொறுமை அறுந்தது. "நீர் நகல் எடுத்து முடிய அந்த நாயின்ரை தோல்தான் மிஞ்சும்! உமக்கு உயிரைவிடத் தாள் பெரிசோ?" என்று கத்தினேன். மூத்தவரை நீங்கள் என்னாமல் நீர் என்றுவிட்டேன். ஹாஜியார் கீழே பார்த்தார். பைல் அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, பாரத்தை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். ஐம்பது வயது, வெள்ளைக் கோட்டு, தோல் சப்பாத்து. அவர் ஓடுவதை வாவிக்கரையில் கண்டவர்கள், யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

பட்டியில் குரைப்புச் சத்தம் அடங்கிப்போயிருந்தது.

"பன்னண்டு அடிச்சதும் தொடங்கிட்டாங்க, அஞ்சு நாயி முடிஞ்சிருச்சுங்க," என்றார் பெருமாள். "இத மட்டும் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வச்சிருந்தேன். சீக்கிரம் குடுங்க. சொந்தக்காரர் யாரு? ஒருத்தர் பேருதான் எழுதணும். அவரு ஊரவிட்டுப் போனா நாயி திரும்ப இங்கதான் வரும், அதையும் சொல்லிப்புட்டேன்."

பேனையை வாங்கிய என் கை நின்றுவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு நான் மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்திருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான்கு நாளாக நாய், நாய் என்று குதித்தவன், அதை எண்ணிப் பார்க்கவேயில்லை. நாய் என் சப்பாத்தை முகர்ந்துகொண்டு நின்றது.

பைல் அண்ணை என் விரல்களிலிருந்து பேனையை எடுத்தார். தன் பெயரை எழுதினார். கையொப்பமிட்டார்.

"அண்ணை..."

"உம்மடை மாற்ற விண்ணப்பம் என்ரை மேசையாலைதானே தம்பி மேல போனது. நீர் போற ஆள் எண்டு எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் உமக்காகவோ யோசிச்சனான் எண்டு நினைச்சீர்? அதை வளர்க்க எனக்கு ஏலுமோ எண்டுதான் யோசிச்சனான்."

நாயால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. அவரே தூக்கிக்கொண்டார். நான் தூக்குகிறேன் என்று கேட்டும் தரவில்லை. வெள்ளைக் கோட்டு முழுதும் சேற்றுக் கால் பதிய, வால் நீங்கலாக இரண்டடி ஏழு அங்குலத்தையும் நெஞ்சோடு அணைத்தபடி, பின்பக்க மரப்படியால் ஏறினார். இராசதுரை குசினிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எட்டு மாதத்தில் எனக்கு மாற்றம் வந்தது. வழியனுப்பப் பைல் அண்ணையும் நாயுமாக இரண்டு பேரும் கண்டி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். ஆட்கள் போவதைப் பார்த்துப் பழகிய பைல் அண்ணை கண்கலங்கவில்லை. கேட்டு வாங்கிய மாற்றத்தோடு பெட்டியில் ஏறி உட்கார்ந்து, யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதவன் நான்தான்.