முனிரத்தினம் மேஸ்திரி செலவழித்த அடைமொழிகள்

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிதில், தங்கம் தோண்ட வந்த கூட்டத்தோடு கூட்டமாக இன்னொரு ரகமும் வந்து இறங்கியது. இது இங்கிலீஷ் தோண்டுகிற ரகம். முழு இங்கிலீஷும் இதற்கு வேண்டாம். இலக்கணம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காது. அடைமொழி மட்டும் போதும். வெள்ளைக்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் நழுவி விழுந்தால், அதைத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய், கத்தரிக்காய் முதல் கடவுள் வரை எதன் தலையில் வேண்டுமானாலும் சூட்டிவிடும். சரக்கு தீர்ந்துபோனால்? தானே செய்துகொள்ளும்.

முனிரத்தினம் மேஸ்திரி இந்த ரகத்தின் தலைமகன். வடாற்காட்டிலிருந்து கூலியாக வந்து, சுரங்கத்துக்குள் ஒரு லெவலுக்கே, அதாவது ஒரு தளத்துக்கே, மேஸ்திரி ஆனவர். ஷிப்ட் முடிந்து கூண்டில் மேலே வந்ததும், சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலில் நிற்கும் வெள்ளைக்காரச் சுரங்க அதிகாரி ஆர்தர் கேப்டனிடம் கீழே நிலைமை எப்படி என்று மேஸ்திரி சொல்ல வேண்டும். கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே ஒரே ஒரு சொல் என்பது வழக்கம். 'குட்' என்றால் அடுத்த ஷிப்ட் இறங்கும். 'பேட்' என்றால் மேற்பாறை சரியாமல் முட்டுமரம் கொடுக்கிறவர்கள் முதலில் இறங்கிப் பார்ப்பார்கள். பக்கத்து லெவல் மேஸ்திரி மரியகுழந்தை இந்த இரண்டை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தினார். முனிரத்தினத்துக்கு அது கேவலமாகப் பட்டது. தினம் ஒரே வேட்டியைக் கட்டலாம், தினம் ஒரே சொல்லைச் சொல்ல முடியுமா?

கேப்டனும் லேசுப்பட்டவர் இல்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கத்துச் சுரங்கங்களில் வளர்ந்தவர். அவர் பேசும் இங்கிலீஷ் லண்டன்காரருக்கே பாதிதான் விளங்கும். பிடித்தது எல்லாம் அவருக்கு 'ப்ராப்பர்', பிடிக்காதது எல்லாம் 'பிளடி'. இரண்டாவதுதான் அதிகச் சத்தத்தோடு வந்தது. அதனால் அதுவே உயர்ந்த பாராட்டு என்று நம் மேஸ்திரி முடிவுகட்டினார்.

"தாயம்மா, இன்னிக்குக் கொழம்பு பிளடி!"

"இன்னா, உப்பு கம்மியா?" என்றாள் மனைவி.

"இல்லடி. தொரைங்க துன்ற மாதிரி கீதுன்றேன்."

பிறகு சொந்தத் தயாரிப்பு தொடங்கியது. ஷிப்டில் களைத்தவன் 'ஷிப்டி'. தூசி மண்டிய இடம் 'டஸ்ட்ஃபுல்'. கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அப்படிச் சிரித்தவரே ஒரு நாள் வேலை முடிந்து நாற்காலியில் சாய்ந்து, "ஷிப்டி, ஐ ஆம் ஷிப்டி" என்றார். அந்த வாரமே கிளப்பில் எல்லாத் துரைமார்களும் ஷிப்டி ஆனார்கள். இங்கிலீஷ் இப்படித்தான் பெருகுகிறது; அகராதிக்காரருக்குக் கடைசியில்தான் தகவல் போகும்.

அந்தச் சிரிப்பின் ருசி மேஸ்திரியை விடவில்லை. லெவல் கல்லுக்குண்டு மாதிரி உறுதியாக இருந்த நாளிலும் 'டெர்ரிபிள்' என்பார், 'டேஞ்சர்ஃபுல்' என்பார். கேப்டன் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு அடுத்த ஷிப்டை இறக்குவார்.

ஒரு மத்தியானம் கீழே முட்டுமரங்கள் நெரிந்தன. மேலிருந்து பொடிக்கல் உதிர்ந்தது. முனிரத்தினம் தம் ஆட்களை அள்ளிக்கொண்டு மேலே வந்தார். இறங்க வேண்டிய ஷிப்ட் வரிசையில் நின்றது. முன்னால் நின்றவன் தாயம்மாவின் தம்பி காத்தவராயன்.

"டெர்ரிபிள்!" என்றார் மேஸ்திரி.

கேப்டன் சிரித்தார்.

"டேஞ்சர்ஃபுல்!"

கேப்டன் இன்னும் பலமாகச் சிரித்தார்.

"பேட்! பேட்!"

பழைய காசும் செல்லவில்லை. இவர் வாயில் இவ்வளவு சின்னச் சொல்லா என்று கேப்டனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ப்ராப்பர்!" என்றபடி, கூண்டை இறக்கச் சைகை காட்டக் கையைத் தூக்கினார். மேஸ்திரி மனசுக்குள் துழாவிப் பார்த்தார். வருஷக்கணக்காகச் சேர்த்த மூட்டை, உள்ளே ஒன்றுமே இல்லை. காத்தவராயன் கூண்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டான்.

"இன்னா மாமா, ஒரு மாதிரி கீறே?"

முனிரத்தினம் கூண்டு வாசலில் குறுக்கே விழுந்தார். "எறங்காதடா! முட்டுமரம் முறியுது! முறியுதுடா! செத்துப் பூடுவீங்கடா!"

அந்த வாயிலிருந்து தமிழ் வந்து கேப்டன் கேட்டதே இல்லை. சிரிப்பு நின்றது. தூக்கிய கை சைகை காட்டாமலே கீழே வந்தது. கூண்டு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து இடி போல ஒரு சத்தமும் அதன் பின்னால் புழுதியும் ஏறி வந்தன. மேஸ்திரி மைத்துனனைக் கட்டிக்கொண்டு, கூட்டம் பார்க்கிறதே என்ற வெட்கம் இல்லாமல் தேம்பி அழுதார். அந்த ஒரு வேளை அவரைக் கேலி செய்ய யாருக்கும் மனசு வரவில்லை.

அப்புறம் அவர் திருந்திவிட்டார். 'குட்', 'பேட்' தவிர வேறு பேச்சில்லை. ஆனால் கேப்டன்? பாறையையே விழவைத்த சொல் என்று 'முறியுது'வை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். முதலில் ஆட்டம் கண்ட மரத்துக்குச் சொன்னார். பிறகு முரட்டுக் குதிரைக்கு. பிறகு கிளப்பில் ஆறிப்போன சூப்புக்கு: "வெரி முறியுது!" அடுத்த மாதம் மரியகுழந்தை கீழிருந்து ஓடி வந்து "முறியுது தொரை!" என்று கதறியபோது, துரைமார் எல்லோரும் அவரைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்கள். நல்லவேளை, ஆட்களே இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்றுக் கல்யாணப் பந்தியில் பாயசத்தை உறிஞ்சிவிட்டு "பயங்கரம்!" என்றவர் யார்? உங்கள் தலைக்கு மேல் நிஜமாகவே ஏதாவது முறிகிற அன்றைக்குக் கத்துவதற்கு, செலவழிக்காத சொல் ஒன்றாவது கைவசம் இருக்கிறதா?