முப்பது பொத்தான் கோட்டு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தம் போட்டுச் சொல்கிற சங்கதி இல்லை. என் சம்சாரம் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். அவள் காது இருக்கிறதே, அது ஊசிக்காது. மெல்லிசாக எது போனாலும் நுழைந்துவிடும்.

நான் தையல்காரன். வெட்டுவதும் தைப்பதும் நான். பொத்தானுக்குத் துளை போட்டு ஓரம் கட்டுகிற காஜா வேலை அவளுடையது. பொத்தான் தைப்பதும் அவளே. முப்பத்திரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான் முதலாளி. அந்தப் பக்கத்தைப் பற்றி இப்போது எதற்கு?

எனக்கு ஒரு தூக்க மாத்திரைப் பழக்கம். கத்திரி பிடித்துப் பிடித்துத் தோள்வலி. தோள்வலியால் தூக்கம் போயிற்று. டாக்டர் தினம் அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரை போட்டால் தூக்கம் வாசல்வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டுப் போய்விடும். முழுசாகப் போட்டால்தான் உள்ளே வரும். வந்தால் அது என்ன சுகம்! முடிவே இல்லாத ஒரு நீலத் துணி, காற்றில் அது பாட்டுக்கு மிதக்கும். அளவெடுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், நாளைக்கே வேணும் என்று எவனும் வந்து நிற்க மாட்டான். நானும் ஒரு நூல் மாதிரி அது கூடவே போய்க்கொண்டிருப்பேன்.

"இது நல்லதுக்கில்லைங்க. விட்டுடுங்க" என்றாள் அவள், போன வருஷம்.

"விட்டேன்! இந்த நிமிஷத்தோட விட்டேன்!" என்று மேஜையில் தட்டிச் சபதம் செய்தேன். சொன்னபடி விட்டும்விட்டேன். அவள் கண் முன்னால் போடுவதை. மாத்திரை அட்டை தையல் மிஷின் இழுப்பறையில், பாபின் டப்பாவுக்கு அடியில் குடியேறியது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது வெளிநாட்டில் இருக்கிற பொண்ணு போன் செய்தாள். பேத்தி பிறந்து மூன்று மாசம். நாங்கள் இன்னும் முகம் பார்க்கவில்லை. டிக்கெட் போட்டாயிற்று, ஒரு மாசம் வந்து இருங்கள் என்றாள்.

"அப்பா, ஒரு விஷயம். இங்க தூக்க மாத்திரை, வலி மாத்திரை, சில இருமல் மருந்துகூட சும்மா கொண்டு வரக்கூடாது. டாக்டர் கடிதாசி வேணும், இந்த ஊர் ஆபீஸ்ல முன்கூட்டியே அனுமதியும் வாங்கணும். இல்லாம வந்தா ஜெயில்தான். உங்ககிட்ட அப்படி ஏதாவது இருக்கா?"

பக்கத்தில் சம்சாரம். என் முகத்தையே பார்க்கிறாள்.

"என்கிட்டயா? நான்தான் எப்பவோ விட்டாச்சே!" என்றேன்.

"அதான் விட்டாச்சே" என்றாள் அவளும், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

அனுமதி கேட்டால் சபதம் பொய்யாகும். கேட்காமல் எடுத்துப்போனால் ஜெயில். எடுக்காமலே போனால் முப்பது நாள் கொட்டக் கொட்ட முழிப்பு. பக்கத்துக் கடைப் பூட்டு ரிப்பேர்க்காரரிடம் பூடகமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"மாஸ்டர், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முதுகுவலி மாத்திரை பத்தே பத்து கொண்டு போனாரு. மூணு மாசம் உள்ள வெச்சுட்டாங்க. எந்த ஊருன்னு கேக்காதீங்க, அவரே இன்னும் அந்த ஊர் பேரைச் சொல்ல மாட்டேங்கறாரு."

"தெரியாத இடத்துல வெச்சிருந்தா?"

"பெட்டியைக் கொட்டுவான். பையை உதறுவான். சட்டையில பொத்தானை மட்டுந்தான் விடுவான்."

சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். என் மண்டைக்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. மாத்திரை வட்டம். பொத்தானும் வட்டம். துணி போர்த்திய பொத்தான் என்று ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வட்டமாகத் துணி வெட்டி, ஓரத்தில் நூல் ஓட்டி, நடுவில் பொத்தானை வைத்துச் சுருக்கினால் மூடிக்கொள்ளும். பொத்தானுக்குப் பதில் மாத்திரை வைத்தால் யாருக்குத் தெரியும்?

அவள் கடைத்தெருவுக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் பார்த்து நாலு நாளில் முடித்தேன். முப்பது நாளுக்கு முப்பது மாத்திரை. ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் சுற்றி, துணி போர்த்தி, சாம்பல் நிறக் கோட்டு ஒன்றில் தைத்து மாட்டினேன். அவள் வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"கோட்டு."

"அது தெரியுது. முன்னால அஞ்சு, கைக்கு அஞ்சஞ்சு பத்து, முதுகுல அஞ்சு, பையில நாலு, தோள்ல நாலு, கழுத்துல ரெண்டு. முப்பது பொத்தான்! பேண்டு வாத்தியத்துல சேந்துட்டீங்களா?"

"வெளிநாட்டுல இப்ப இதான் மோஸ்தர்."

"முதுகுல இருக்கறதை எதுல மாட்டறது?"

"அது அழகுக்கு."

"யாரு தச்சா?"

"நான்தான். ஏன், எனக்குப் பொத்தான் தைக்கத் தெரியாதா?"

"தெரியுமே. கல்யாணமான புதுசுல ஒண்ணு தச்சீங்க. உங்க விரலையும் சேத்து." கழுத்துப் பொத்தான் ஒன்றை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். "பித்தான் தைக்கப் போயி பித்தனா ஆயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனை பேருக்கு அளவெடுத்தவன் நான், இவளை அளந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு நாள், "விமானத்துல காது அடைக்குமாம், காட்டிட்டு வரலாம்" என்று என்னை டாக்டரிடம் அழைத்துப்போனாள். காதில் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், "தூக்கம் எப்படி?" என்றார். "பிரமாதம்!" என்றேன். அவர் என் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். அவர் ஏதோ நீளமாக எழுதினார். காதுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

கிளம்புகிற அன்று கோட்டைப் போட்டுக்கொண்டேன். பொத்தானெல்லாம் அசையாமல் கெட்டியாக நின்றன. நம் கையும் தேறிவிட்டதே என்று பெருமையாக இருந்தது.

விமானத்தில் ஜன்னல் ஓரம். வெளியே மேகம், கிழிந்த மெத்தையிலிருந்து பஞ்சு வழிந்த மாதிரி கிடந்தது. மாத்திரை இல்லாததால் தூக்கம் இல்லை. முழிப்பு என்றும் சொல்ல முடியாது. கண் திறந்தபடியே கனவு. பஞ்சுக்குள்ளே ஒரு ஜெயில். சுவரும் பஞ்சு, கதவும் பஞ்சு. அங்கே யாருக்கும் சட்டையில் பொத்தான் இல்லை. எல்லோரும் இரண்டு கையாலும் சட்டையை மூடிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நீதிபதி உயரத்தில் உட்கார்ந்து என் கோட்டை எண்ணுகிறார். "பொத்தானுக்கு ஒரு வருஷம்!" என்கிறார். வெளியே ஒரு குழந்தை தவழ்ந்து வருகிறது. வரும்போதே நடக்கிறது. நடக்கும்போதே பாவாடை கட்டுகிறது, புடவை கட்டுகிறது, எல்லாம் வேறு யாரோ தைத்தது. கடைசியில் தலை நரைத்து என் முன்னால் வந்து, "நீங்க யாரு?" என்று கேட்கிறது.

திடுக்கிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் சம்சாரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை இல்லாமல்! எப்படித்தான் முடிகிறதோ.

இறங்கினோம். வழி இரண்டாகப் பிரிந்தது. காட்ட ஒன்றும் இல்லாதவர்கள் பச்சை விளக்குப் பக்கம், ஏதாவது இருக்கிறவர்கள் சிவப்பு விளக்குப் பக்கம். நான் பச்சைக்குத் திரும்பினேன். அவள் நேராகச் சிவப்புக்குப் போகிறாள்!

"ஏம்மா, அது சிவப்பு!"

"எனக்குக் கண்ணு தெரியுது."

"நம்மகிட்டதான் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லேன்னா உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது? இங்கயே பெட்டியோட நில்லுங்க."

நின்றேன். மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி அம்மாள். இவள் பையிலிருந்து ஏதோ காகிதம் எடுத்துக் கொடுக்கிறாள். அந்த அம்மாள் படிக்கிறாள். என்னைப் பார்க்கிறாள். மறுபடி காகிதம். மறுபடி என் முகம். விரலால் வா என்கிறாள். என் கால் இரண்டும் இரண்டு வேறு ஆளின் கால் மாதிரி நடந்தன. கிட்டப் போனதும் அந்த அம்மாள் என் கழுத்துப் பொத்தானைத் தொட்டாள். கையில் இருந்ததை எண்ணினாள். என்னைத் திருப்பி முதுகில் இருந்ததையும் எண்ணினாள். இங்கிலீஷில் என்னமோ கேட்டாள்; எனக்கு அது வராது, சம்சாரத்துக்குக் கொஞ்சம் வரும்.

"எல்லாம் நீங்களே பண்ணினதான்னு கேக்கறாங்க" என்றாள் சம்சாரம்.

முடிந்தது. இரண்டு கையையும் விலங்குக்குச் சேர்த்து நீட்டினேன். "எல்லாம் நான்தான் தாயே பண்ணினேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது, இவளை விட்டுடுங்க. உள்ள போடறதுக்கு முன்னால பேத்தி மொகத்தை மட்டும் ஒரே ஒரு தடவை..."

"கையை உள்ள வைங்க. வேலைப்பாடு நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

காகிதத்தில் டப்பென்று முத்திரை விழுந்தது. வெளியே வந்துவிட்டோம். என்னை ஜெயிக்க இந்த உலகத்தில் ஆளே இல்லை என்று தோன்றிய கடைசி நிமிஷம் அதுதான்.

பொண்ணு வீட்டில் பேத்தியைப் பார்த்தேன். சின்ன முகம், என் மூக்கு. அதைப் பற்றிச் சொன்னால் கதை நின்றுவிடும்.

அங்கே அப்போது மத்தியானம் இரண்டு மணி. என் உடம்புக்கு அது நடுராத்திரி. "கொஞ்சம் படுங்கப்பா" என்று பொண்ணு ஓர் அறையைக் காட்டினாள். கதவைச் சாத்தினேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் கண்ணே என்று முதல் பொத்தானைத் தடவினேன். கத்திரி அவள் பெட்டியில். கேட்க முடியாது. தையல்காரனுக்குப் பல்லும் ஒரு கத்திரிதானே? நூலைக் கடித்தேன். துணியைக் கிழித்தேன்.

உள்ளேயிருந்து நாலு கண்ணால் ஒரு பொத்தான் என்னைப் பார்த்தது.

சரி, எண்ணிக்கையில் ஏதோ தவறு, ஒன்று கலந்திருக்கும் என்று இரண்டாவதைக் கிழித்தேன். நாலு கண். மூன்றாவதும் நாலு கண். ஏழாவதற்கு வரும்போது அவசரத்தில் துணியோடு சேர்த்து ஓங்கி ஒரு கடி. டக்! மாத்திரை உடைந்தது என்று சந்தோஷப்பட்டேன். உடைந்தது கடைவாய்ப் பல்.

கதவு திறந்தது. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு சம்சாரம்.

"என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"வாயில நூல் தொங்குது."

துப்பினேன். "மாத்திரை எங்க?"

"எந்த மாத்திரை? நீங்கதான் போன வருஷமே விட்டுட்டீங்களே?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முப்பத்திரண்டு வருஷமா பொத்தானைத் தொடாத மனுஷன் முப்பது பொத்தான் தைக்கறாரு. எனக்கு ஒண்ணும் தோணாதா? உருட்டிப் பாத்தேன். பொத்தான்னா நாலு கண்ணு இருக்கணும். இது குருடு. அன்னிக்கு ராத்திரி நீங்க மாத்திரை ஒண்ணைப் போட்டுட்டுக் கட்டை மாதிரி கெடந்தீங்க. அப்ப உக்காந்து பிரிச்சு, மாத்திரையை மாத்தினேன். இது என் கைத்தையல்னுகூட உங்களுக்குத் தெரியல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா செருப்புல வெச்சு ஒட்டுவீங்க. கோட்டுல இருந்தா எனக்கு எண்ணத் தெரியும்." பிறகு குரல் கொஞ்சம் தழைந்தது. "மாட்டியிருந்தா உங்களோட போகுமா? பொண்ணு இங்க இருக்கறதுக்கே வெட்டு விழுந்திருக்கும். இந்தக் குட்டியை நீங்க கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தா பாக்கறது?"

அவள் தோளில் கிடந்த குட்டியைப் பார்த்தேன். பல்லும் வலித்தது.

அவள் பையிலிருந்து ஒரு டப்பா எடுத்தாள். என் பேர் ஒட்டிய, பிரிக்காத டப்பா. கூடவே டாக்டர் கடிதாசி, இந்த ஊர் அனுமதி, அதில் அந்த அம்மாள் போட்ட முத்திரை.

"காதுக்குன்னு டாக்டர் நீளமா எழுதினாரே, அது இதான். பாக்கி அனுமதியெல்லாம் பொண்ணு வாங்கி அனுப்பினா." நூல் வெட்டியால் ஒரு மாத்திரையைச் சரிபாதியாக வெட்டி என் கையில் வைத்தாள். "தினம் அரை. பதினஞ்சுதான் இருக்கு, முப்பது நாளுக்கு. தண்ணி கொண்டு வரேன், இவளைக் கொஞ்சம் புடிங்க."

பேத்தியை என் நெஞ்சில் படுக்க வைத்துவிட்டுப் போனாள். குழந்தை என் சட்டைப் பொத்தான் ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அசைந்தால் எழுந்துவிடுமே என்று மூச்சைக்கூட அளவாக விட்டேன். அது மூச்சுவிட, நான் மூச்சுவிட, ஜன்னல் திரை உள்ளே வந்து வந்து போயிற்று. நீலத் திரை. முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

கண் விழித்தபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. நெஞ்சில் குழந்தை இல்லை. உள்ளங்கையில் அரை மாத்திரையும் இல்லை. போடாமலே தூங்கியிருக்கிறேன்! நாற்காலியில் சம்சாரம், மடியில் என் கோட்டு. நான் கிழித்த ஏழு பொத்தானுக்கும் புதுத் துணி போர்த்தித் தைத்து முடித்திருந்தாள். முப்பதும் அச்சுக் குத்தின மாதிரி ஒன்றுபோல இருந்தன.

"என் அரை மாத்திரை?" என்றேன்.

அவள் கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோட்டை உதறி, ஆணியில் என் கண்ணுக்கு நேராக மாட்டினாள்.

"இதுல ஒண்ணுக்குள்ளதான் இருக்கு. வேணும்னா கடிச்சுப் பாத்துக்குங்க."